ஈயடிச்சான்

மண்ணடியில் தஸ்தகீர்.
காலடிப்பேட்டையில் வடிவழகன்.
இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.
பார்த்ததெல்லாம்
ஒருவர் பெட்டிக்குள் இன்னொருவர்.

அந்தப் பெட்டிகளைத் திறக்கிற ஸ்க்ரூ டிரைவர் என்னுடையது.
தண்டையார்பேட்டையில்
வலைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
நாலடி அகலம். சலேத் சர்வீஸ்.
வீடியோ கேம், ரிமோட், மிக்ஸி.

மூளை இருவருக்கும் ஒன்றுதான்.
பர்மா பஜாரில் டஜன் கணக்கில் விற்கும்
பச்சை அட்டை, நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு.
பொட்டுக்கு அடியில் என்ன என்று
சுரண்டிப் பார்த்தவர் இல்லை.
ஜப்பானில் எவனோ தூங்காமல் யோசித்தது.
தைவானில் எவனோ தூங்காமல் பார்த்து எழுதியது.
ஆயிரம் ஆட்டம் என்று ஒட்டிய கேசட்டில்
ஆட்டம் ஏழு.
மீதியெல்லாம் அதே ஏழு, சட்டை மாற்றிக்கொண்டு.

ஆனால் வயரை நீட்டியவர் வடிவழகன்.
அட்டையோடு வந்தது நாலடி,
அவர் போட்டது பதினாலு.
எங்கள் பக்கத்து வீடுகளில் டிவிக்கு முன்னால்
ஒருவர் படுத்தால் இன்னொருவர் நிற்க வேண்டும்.
பதினாலு அடியில் கன்ட்ரோலர் வாசல் தாண்டிச்
சந்துக்கு வந்தது.
நிறுத்திய சைக்கிளில் உட்கார்ந்து ஒருவன் சுட்டான்.
குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஒருத்தி ஆடினாள்,
லாரி ஹாரன் கேட்கும்வரை.

பதினோராம் நாள்
தஸ்தகீர் பெட்டி வந்தது.
அதே மஞ்சள் வயர், அதே முடிச்சு,
பதினைந்து அடி.
"ஓரடி ஜாஸ்தி வுட்டா அது கண்டுபிடிப்பா?"
வாங்கி வைத்த டீயைக் குடிக்காமல்
வடிவழகன் எழுந்து போனார்.

அடுத்த பெட்டியில் ஒரு ஈயை ஒட்டிவைத்தார்.
அட்டையின் மூலையில் ஒரு ரெசிஸ்டர்.
இரண்டு காலும் எதையும் தொடாது.
கரண்ட் வராது, போகாது.
எந்த வீட்டுப் பக்கத்து ஆள் என்று
யாரும் கேட்காத கல்யாண விருந்தாளி போல
சும்மா இருக்கும்.
"பாத்துக்கினே இரு சலேத்து,
ஈயையும் சேத்து அடிப்பான்."

அடித்தார்.
அதே மூலை. அதே பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையம்.
நான் சிரித்த சிரிப்பில்
உருகிய ஈயம் முழங்கையில் சொட்டியது.
தழும்பு இருக்கிறது.

சித்திரையில்
எண்ணூர்வரை டியூப் லைட்டெல்லாம் கண் சிமிட்டிய வாரம்
தஸ்தகீரின் புதுப் பெட்டி ஒன்று ரிப்பேருக்கு வந்தது.
ரெசிஸ்டர் அங்கேதான் இருந்தது.
இப்போது அதன் இரு காலிலும் கம்பி.
கம்பியின் முனையில்
கடுகளவு சிவப்பு விளக்கு.
வோல்டேஜ் சரிந்தால் விளக்கு மங்கும்.
ஆடினது போதும், பெட்டியைப் பிடுங்கு என்று அர்த்தம்.

போன் போட்டுக் கேட்டேன்.
"அது சும்மா கெடந்துச்சும்மா.
எதுக்குன்னு ஒரு வாரம் முழிச்சேன்.
வச்சவன் காரணமில்லாம வச்சிருக்க மாட்டான்ல?
எனக்குத்தான் புரியலன்னு
நானா ஒரு வேலை குடுத்தேன்."

வடிவழகனிடம் இதை நான் சொல்லவில்லை.
மூடியைக் கழற்றியபடி மேஜையில் விட்டேன்.
குனிந்தார்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து
மறுபடி குனிந்தார்.
வெளியே ஒரு மீன்பாடி வண்டி போய் முடிந்தது.
"இந்த லைட்டு," என்றார்,
"டஜன் இன்னா வெல?"

இரண்டு கடையும் இப்போது இல்லை.
ஒன்றில் செல்போன் கவர், ஒன்றில் பிரியாணி.

போன வாரம் ஒரு பையன்
பரணிலிருந்து எடுத்த பெட்டியோடு வந்தான்.
மேல் மூடி மண்ணடி.
அடி மூடி காலடிப்பேட்டை.
உள்ளே அந்த ரெசிஸ்டர், அந்த விளக்கு.
விளக்கு பச்சை.
வயரை விரித்து மேஜையோரம் முழம் போட்டேன்,
பிறகு டேப்பை வைத்தே அளந்தேன்.

பதினாறு அடி.

இருவரில் யாரும் பதினாறு போட்டதில்லை.